அட்சதையாகிப்போன அரிசி

மங்களத்துக்குக் கோபம் வந்தால் அது முதலில் வாளிக்குத்தான் தெரியும். குவீன்ஸ்டவுன் பக்கம் ஏழு மாடி ஆய்வுக்கூடம் ஒன்றில் பதினோரு வருடமாகத் தரை துடைக்கிறாள். வயது அறுபத்து நான்கு. குழாயடியில் வாளி ணங்கென்று உட்கார்ந்தால் சூப்பர்வைசர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான். ஒருமுறை மூன்று நாள் விடுப்பு முடிந்து வந்தபோது, நான்காவது மாடி நடையில் யாரோ சிந்திய காப்பி அப்படியே காய்ந்து கிடந்தது. படித்தவர்கள் அத்தனை பேரும் மூன்று நாளாக அதைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறார்கள். மங்களம் நடையின் நடுவில் நின்று, "இது யார் வேலை?" என்று தமிழிலேயே கேட்டாள். அந்த மாடியில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது. ஆனாலும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

இது அவளுடைய வெளிக்கோபம். உள்ளே இன்னொன்று இருந்தது. அதற்கு ஐம்பத்தைந்து வயது. அது யார் மேல் என்று கூடப்பிறந்த தங்கைக்குக்கூட அவள் சொன்னதில்லை.

தங்கை பாக்கியலட்சுமிக்கு நான்கு வயதில் இரண்டு கண்ணும் போயின. வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரியும். ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் தொலைபேசி இணைப்பு கொடுக்கும் வேலை பார்த்தாள். பிறகு அந்த வேலைக்கு இயந்திரக் குரல் வந்தது, இவள் வீட்டுக்கு வந்தாள். அக்காளும் தங்கையும் பூன் லேயில் ஈரறை வாடகை வீட்டில் இருக்கிறார்கள். மங்களம் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வந்த இரண்டு வீட்டுக்காரர்களிடமும், "தங்கச்சிக்கு யார் சோறு போடுவா?" என்று ஒரே கேள்வியைக் கேட்டு அனுப்பிவிட்டாள். பிறகு யாரும் வரவில்லை.

சோறு போடுவது என்றால் சும்மா போடுவதில்லை. தட்டைக் கடிகாரமாக வைத்துக்கொண்டு, பன்னிரண்டில் கூட்டு, மூன்றில் பொரியல், ஆறில் ஊறுகாய் என்று சொல்லிச் சொல்லி வைப்பாள். சாம்பாரை ஊற்றிப் பிசைந்தும் கொடுத்துவிடுவாள். பிசைய எனக்குத் தெரியாதா என்று பாக்கியம் எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்து அலுத்துவிட்டாள். அந்த வீட்டில் கோழி உண்டு, ஆடு உண்டு, முட்டை உண்டு, மீன் மட்டும் கிடையாது. மீன் நாற்றம் தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று மங்களம் சொல்லியிருந்தாள். எதிர்வீட்டுப் பெண் சாதியா மீன்குழம்பு வைக்கிற நாளில், பாக்கியம் ரேடியோவுக்கு பேட்டரி கேட்கப் போகிற சாக்கில் அங்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வாயைக் கழுவிக்கொண்டு வருவாள். இது மங்களத்துக்குத் தெரியாது.

போன வருடம் ஆய்வுக்கூடத்தின் ஆறாவது மாடியில், வெள்ளைத் தட்டில் பரப்பிவைத்திருந்த அரிசியை மங்களம் பார்த்தாள். மஞ்சள் அரிசி. யார் வீட்டுக் கல்யாணத்துக்கு இங்கே அட்சதை கலக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஆராய்ச்சி செய்யும் சீனப் பெண்ணிடம் கேட்டாள். அந்தப் பெண் தன் அரைகுறை மலாயில், மங்களத்தின் அரைகுறை ஆங்கிலத்துக்கு எட்டும்படி பொறுமையாக விளக்கினாள். சோற்றைத் தவிர வேறெதுவும் கிடைக்காத பிள்ளைகளுக்குக் கண்ணுக்கு வேண்டிய சத்து கிடைப்பதில்லை. முதலில் மாலைக்கண் வரும். அந்த உடம்பில் தட்டம்மையும் வந்து சேர்ந்தால் சில நாளிலேயே கண் போய்விடும். அந்தச் சத்தை நெல்லே தன் மணிக்குள் செய்துகொள்ளும்படி மரபணுவை மாற்றியிருக்கிறோம், அதுதான் இந்த நிறம் என்றாள். இது மட்டும் போதாது, மற்ற சாப்பாடும் வேண்டும் என்றும் சொன்னாள். அவள் நேர்மையான பெண்.

மங்களம் துடைப்பான் குச்சியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு, யாரிடமும் சொல்லாதவள், "என் தங்கச்சிக்கு அப்படித்தான் போச்சு" என்று சொல்லிவிட்டாள்.

சொன்னது ஆறாவது மாடியோடு நிற்கவில்லை. ஒரு வாரத்தில், ஆய்வுக்கூடத்தை நடத்தும் கம்பெனியின் விளம்பரப் பிரிவிலிருந்து கவிப்ரியா வந்தாள். இருபத்தேழு வயது, நல்ல சுறுசுறுப்பு, நம் பிள்ளை. கண் கலங்க எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். லிட்டில் இந்தியாவில் ஒரு மண்டபம் எடுத்து, 'பசியில்லா உலகம்' என்று நம் சமூகத்துக்காக ஒரு மாலை நடத்தப்போவதாகவும், அதற்குப் பாக்கியத்தின் படம் வேண்டும் என்றும் சொன்னாள். "நீங்க ஸ்டேஜ்ல வந்து ரெண்டு வார்த்த பேசினா போதும் ஆண்டி. ரொம்ப பவர்ஃபுல்லா இருக்கும்," என்றாள். படத்துக்குக் கீழே போட வாசகத்தையும் எழுதி வைத்திருந்தாள்: 'இந்த அரிசி அன்றே இருந்திருந்தால், இன்று இவர் இதைப் படித்திருப்பார்.'

மங்களம் அந்த வாசகத்தை நான்கு தரம் படித்தாள். படிக்கப் படிக்க நெஞ்சில் கிடந்த ஒரு பாரம் இறங்கியது. அன்று இந்த அரிசி இல்லை. இல்லாத அரிசிக்கு யார் என்ன செய்ய முடியும்? யார் மேலும் குற்றமில்லை. ஐம்பத்தைந்து வருடமாக எவரும் தராத விடுதலையை ஒரு விளம்பர வாசகம் தந்துவிட்டது. கோயில் வாசலில் எடுத்த பாக்கியத்தின் படத்தை மறுநாளே கொண்டுவந்து கொடுத்தாள். தங்கச்சி கையெழுத்து வேண்டுமே என்று கவிப்ரியா கேட்டபோது, அவள் பொறுப்பு என்னுடையது என்று சொல்லி, படிவத்தில் 'பொறுப்பாளர்' என்றிருந்த கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள். பாக்கியத்திடம் மூச்சு விடவில்லை. கண் தெரியாதவளுக்கு எப்படித் தெரியப்போகிறது என்று நினைத்தாள். அவள் நினைத்ததிலேயே கேவலமான நினைப்பு அதுதான், அது அவளுக்கும் தெரியும்.

அன்று நடந்ததை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது. அப்பா ரெங்கசாமி செம்பவாங்கில் வெள்ளைக்காரன் கப்பல் தளத்தில் கூலி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைக்காரன் தளத்தை மூடிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினான். ஆட்களைக் கூட்டங்கூட்டமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பாவும் அதில் ஒருவர். கம்பம் என்று சொல்கிற மலாய்க் கிராமத்தில், ஒரு வீட்டின் ஓர் அறைக்கு மாறினார்கள். அரிசி எப்படியோ கிடைத்தது. அரிசி மட்டும்தான் கிடைத்தது. மூன்று வேளையும் சோறு, மேலே இரண்டு சொட்டு கறுப்புக் கிச்சாப் என்கிற சோயா சாறு. ஏழு மாதம் இப்படியே போனது. பொழுது சாய்ந்தால் சின்னவள் வாசற்படி தடுக்கி விழுவாள். விளையாட்டுப் பிள்ளை என்று சிரித்தார்கள். பிறகு அவளுக்கு அம்மை போட்டது, தட்டம்மை.

அம்மை போட்ட வீட்டில் என்ன செய்வோம் என்று நமக்குத் தெரியும். வாசலில் வேப்பிலை. தாளிப்பு கிடையாது. மருந்து கிடையாது. கவுச்சி வாசலைத் தாண்டக்கூடாது. அந்த நேரம் பார்த்து, கம்பம் கம்பமாகப் போய்ப் பிள்ளைகளைப் பார்க்கும் நர்ஸம்மா ஒருத்தி வந்தாள். சின்னவளின் கண்ணை விரித்துப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தாள். மீன் எண்ணெய். காசு வாங்கவில்லை. அம்மாவுக்கு மலாய் அவ்வளவாக வராது என்பதால் ஒன்பது வயது மங்களத்தைக் கூப்பிட்டு, தினமும் ஒரு கரண்டி என்று காட்டினாள். "மாத்தா, மாத்தா" என்று தன் கண்ணை இரண்டு முறை தொட்டுக் காட்டினாள். அடுத்த வாரம் வருகிறேன் என்றாள்.

வெளியே போயிருந்த அப்பா வந்தார். போத்தலைத் திறந்து மோந்து பார்த்தார். ஆத்தா வீட்டுக்குள் இருக்கும்போது மீன் எண்ணெயா என்று நடுங்கிப்போனார். அவர் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர். வேலை போனதே தெய்வக் குற்றத்தால்தான் என்று நம்பிக்கொண்டிருந்தவர். போத்தலைத் தொடவே பயந்து மங்களத்திடம் கொடுத்து, பின்னாலிருந்த சாக்கடையில் கொட்டிவிட்டு வரச் சொன்னார். அம்மா வேப்பிலையை எடுத்துப் பிள்ளைக்கு விசிறினாள். மங்களம் சாக்கடையோரம் வெகுநேரம் நின்றாள். மாத்தா என்றால் கண் என்று அவளுக்குத் தெரியும். ஒளித்துவைத்திருக்கலாம். ஆனால் அப்பா சொன்னார், ஊற்றினாள். கம்பத்துப் பூனைகள் மூன்று வந்து நக்கின. எட்டு நாள் கழித்துப் பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். உடம்பில் அம்மை இறங்கியிருந்தது. கண்ணில் வெள்ளை விழுந்திருந்தது. நர்ஸம்மா அடுத்த வாரம் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அம்மை போட்டுக் கண் போனது என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டாயிற்று. பாக்கியம் அதைக் கேட்டே வளர்ந்தாள். அப்பாவும் அம்மாவும் அதைச் சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள்.

இப்போது படத்துக்கு வருவோம். மண்டபத்தில் மட்டும்தான் வைப்போம் என்று கவிப்ரியா சொல்லியிருந்தாள். நிகழ்ச்சிக்குப் பத்து நாள் முன்பு அதே படம் பூன் லே பேருந்து முனையத்தில், ஆள் உயரத்துக்கு, விளக்குப் போட்டு நின்றது. முதலில் பார்த்தவர் பக்கத்து அடுக்குமாடியில் இருக்கும் பரமசிவம். காலையில் எழுந்ததும் நாற்பது பேருக்கு வாட்ஸ்அப் அனுப்பினால்தான் அவருக்குப் பொழுது விடியும். மங்களத்தை மின்தூக்கியில் பிடித்துக்கொண்டு, அந்த அரிசியைத் தொடாதீர்கள், மரபணு மாற்றியது, விஷம், தின்றால் வம்சமே அழியும் என்று ஓதினார். மங்களம் பொத்தானை அழுத்தி மின்தூக்கியை நிறுத்திவைத்துக்கொண்டு, வெறுஞ்சோறும் கிச்சாப்பும் ஏழு மாதம் தின்று பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாள். அவர் தின்றதில்லை. அப்படியானால் விஷம் எது என்று உங்களுக்குத் தெரியாது, வாயை மூடிக்கொண்டு போங்கள் என்றாள்.

பரமசிவத்தின் வாயை மூடலாம். சாதியாவின் வாயை மூட முடியுமா? அவள் நல்ல மனதோடுதான் சொன்னாள். "பாக்கியக்கா, பஸ் இன்டர்சேஞ்சுல உங்க படம் எவ்ளோ பெருசா இருக்கு தெரியுமா? அழகா இருக்கீங்க லா," என்றாள். பாக்கியம் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். சாதியா படித்துச் சொன்னாள், நிகழ்ச்சியில் பேசுவோர் வரிசையில் மங்களத்தின் பெயர் இருந்ததையும் சேர்த்து.

மங்களம் வேலை முடிந்து வந்தபோது பாக்கியம் மேசைமுன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ரேடியோ ஓடவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் அக்காளைப் போலச் சத்தம் வராது, சத்தம் நின்றுபோகும்.

"என் மூஞ்சிய நானே பார்த்ததில்ல. இப்ப பஸ்ஸுக்கு நிக்கிறவன் எல்லாம் பார்க்கிறான்," என்றாள். "என்னைக் கேட்டியாக்கா?"

மங்களம், நல்ல காரியத்துக்குத்தானே, எத்தனையோ பிள்ளைகளுக்குக் கண் கிடைக்கும் என்றாள். பாக்கியம் அதை மறுக்கவில்லை. மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டாள். மங்களம் கைப்பையை மேசைமேல் எறிந்தாள். வாசகத்தில் பொய் என்ன இருக்கிறது, அந்த அரிசி அன்றைக்கு இருந்திருந்தால் கண் போயிருக்காதுதானே என்று கத்தினாள். கத்தும்போதே குரல் பிசிறியது. ஆயிரம் பேருடைய குரலைக் கேட்டு இணைப்பு கொடுத்தவளுக்கு அந்தப் பிசிறு தப்புமா?

"சரி. மேடையில பேசப்போறியாமே. நானும் வரேன்," என்றாள் பாக்கியம். "நீ என்ன சொல்றேன்னு கேக்கணும்."

அதன்பிறகு பத்து நாள், அக்காள் பிசைந்து வைத்த சோற்றைப் பேசாமல் சாப்பிட்டாள். மங்களத்துக்கு ஒரு நாளும் தூக்கம் இல்லை. மேடையில் கவிப்ரியா எழுதிக்கொடுத்ததைச் சொன்னால் தங்கை கண்டுபிடித்துவிடுவாள். உண்மையைச் சொன்னால் தங்கையே இல்லாமல் போய்விடுவாள். ஆய்வுக்கூடத்தில் வாளி உருண்ட சத்தம் ஏழு மாடிக்கும் கேட்டது.

நிகழ்ச்சி சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு. சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருந்த மண்டபத்தில் இருநூறு பேர். உலகப் பசியைத் தீர்க்க வந்தவர்களில் பசியோடு வந்தவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் பத்து நிமிடம் தாமதமானதும் வடை எங்கே என்று கேட்டார்கள். வாழைமரம், குத்துவிளக்கு, பட்டுப்புடவை எல்லாம் இருந்தன. பாக்கியம் முதல் வரிசையில் வெள்ளைக் கோலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு நேர் எதிரே மேடையில் அவள் படம் நின்றது. படம் அவளைப் பார்த்தது.

கம்பெனியின் பெரிய அதிகாரி, தமிழ் தெரியாதவர், மனைவியோடு வந்திருந்தார். இருவருக்கும் மாலை போட்டார்கள். அவர் ஆங்கிலத்தில் பேசினார். இன்னும் முப்பது வருடத்தில் உலகத்துக்கு எவ்வளவு உணவு வேண்டும், அதற்குத் தங்கள் விதை எப்படி வழி காட்டும், பசியை ஒழிக்கும் பொறுப்பைத் தங்கள் கம்பெனி எப்படித் தோளில் தூக்கிக்கொண்டிருக்கிறது என்றெல்லாம் சொன்னார். மங்களத்தையும் மேடைக்கு அழைத்துத் தம்பதியின் பக்கத்தில் நிறுத்தினார்கள். இதற்கிடையில் பாவாடை தாவணி கட்டிய இரண்டு பெண்கள் வெள்ளித்தட்டில் அந்த மஞ்சள் அரிசியை வைத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார்கள். ஆளுக்குக் கொஞ்சம் கையில் எடுத்துப் பாருங்கள், மோந்து பாருங்கள் என்பது கவிப்ரியாவின் ஏற்பாடு. எல்லோரும் எடுத்தார்கள்.

மேடையில் மாலையோடு ஒரு தம்பதி. கையில் மஞ்சள் அரிசி. இந்த நேரத்தில் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும், நாதஸ்வரம் போடுங்கள் என்று யாரோ சைகை காட்டினார்கள். ஒலிபெருக்கிக்காரரிடம் இருந்தது ஒரே நாதஸ்வரம்தான், கல்யாண வீட்டு நாதஸ்வரம். அதில் எடுத்த எடுப்பிலேயே கெட்டிமேளம் கொட்டியது.

கெட்டிமேளம் கேட்டால் நம் கை என்ன செய்யும்? மூளையைக் கேட்காது. இருநூறு கையும் ஒரே சமயத்தில் உயர்ந்தன. உலகப் பசியைத் தீர்க்க வந்த அரிசி மொத்தமும் காற்றில் எழுந்து, அதிகாரி தலையில், அவர் மனைவி தலையில், பக்கத்தில் நின்ற மங்களத்தின் தலையில் பொழிந்தது. அதிகாரி இதுவும் சடங்கு போலிருக்கிறது என்று கையெடுத்துக் கும்பிட்டார். வீசிய பிறகுதான் சனத்துக்கு உறைத்தது. யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபமே சிரித்தது. கைகளை உதறிவிட்டுக்கொண்டு, சிரித்தபடி உட்கார்ந்தார்கள்.

பாக்கியம் மட்டும் சிரிக்கவில்லை. என்ன நடந்தது என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் உள்ளங்கையில் அவள் பங்கு அரிசி அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் மங்களத்துக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை எரிந்தது. ஒலிவாங்கியைக் கவிப்ரியா நீட்டவில்லை, மங்களம்தான் பிடுங்கிக்கொண்டாள்.

"வீசியாச்சா? பசிக்குன்னு செஞ்ச அரிசி. ஒரு நிமிஷம் உங்க கையில தங்கலையே," என்றாள். "இதச் செய்யறவங்கள எனக்குத் தெரியும். ராவும் பகலும் நிக்கிறாங்க. நல்ல அரிசி. வேணுங்கிற புள்ளைங்களுக்குக் குடுங்க, வேணுமான்னு கேட்டுட்டுக் குடுங்க. ஆனா அந்தப் படத்துல எழுதியிருக்கிறது பொய். என் தங்கச்சி கண்ணு இந்த அரிசி இல்லாததால போகல. மருந்து வீட்டு வாசலுக்கே வந்துச்சு, சும்மா குடுத்தாங்க. அம்மை போட்ட வீட்டுல மீன் எண்ணெய் ஆகாதுன்னு அப்பா சொன்னாரு. நான்தான் சாக்கடையில ஊத்தினேன். கண்ணுக்குன்னு தெரிஞ்சேதான் ஊத்தினேன்."

சிரிப்பு எப்போதோ நின்றிருந்தது. அவள் நிறுத்தவில்லை.

"அன்னைக்கு எங்க வீட்டுல அரிசி இருந்துச்சு. அரிசி மட்டும்தான் இருந்துச்சு. முட்ட இல்ல, பாலு இல்ல, அப்பாவுக்கு வேல இல்ல. குடுத்துட்டுப் போனவங்க, குடிச்சியான்னு கேக்கத் திரும்பி வரல. இதெல்லாத்தையும் ஒரு நெல்லுக்குள்ள வெச்சுத் தச்சிடுவீங்களா? பசிக்கு யார் பொறுப்புன்னு கேட்டா, ஒவ்வொருத்தரும் கைய உதறிக்கிட்டு உக்காந்துடுறீங்க. இப்ப உதறினீங்களே, அந்த மாதிரி. நானும் அப்படித்தான் உதறினேன், அந்தப் படத்துல கையெழுத்துப் போட்டு."

ஒலிவாங்கியை வைத்தாள். தங்கையின் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை. அதிகாரி எதுவும் புரியாமல் கை தட்டினார், கூட ஒருவரும் தட்டவில்லை. மேடை ஓரத்தில் கவிப்ரியா அழுதுகொண்டே, "ஆண்டி, நீங்கதானே சைன் பண்ணீங்க?" என்றாள். அவள் கேட்டது நியாயம்தான். மங்களம் ஆமாம் என்றாள். பிறகு, வேறெதுவும் செய்யத் தெரியாமல், மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்து அரிசியைக் கூட்ட ஆரம்பித்தாள். விருந்தாளிகள் காலைத் தூக்கித் தூக்கி வழிவிட்டார்கள். குனிந்து ஒரு பிடி அள்ளியவர் ஒருவரும் இல்லை.

வடைக்கு நிற்காமல் அக்காளும் தங்கையும் கிளம்பினார்கள். வாசலில் வழக்கம்போல் மங்களம் முழங்கையை நீட்டினாள். பாக்கியம் அதைத் தட்டிவிட்டுக் கோலை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறும்போதும் தொடவிடவில்லை. பூன் லே போகும் ரயிலில் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள். ஆறேழு நிலையம் போய்விட்டது. அத்தனை நிலையத்திலும் மங்களம் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தாள்.

கடைசியில் பாக்கியம் கேட்டாள். "அம்பத்தஞ்சு வருஷம் எனக்குச் சோறு பிசஞ்சு போட்டியே. அந்தப் போத்தலுக்காகவா? நான் பாசம்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

மங்களம் இரண்டும்தான் என்றாள். எது எவ்வளவு என்று தனக்கே தெரியாது என்றாள். அது உண்மை.

"நீ ஊத்தின. ஊத்தச் சொன்னது அப்பா. அப்பாவ வேலையவிட்டு அனுப்பினவன் ஒருத்தன். திரும்பி வராத நர்ஸம்மா ஒருத்தி. இன்னைக்கு என் படத்த வெச்சு அரிசி விக்கிறவன் ஒருத்தன். இதுல நான் யார் மேல கோபப்படணும்னு நான்தான் முடிவு பண்ணுவேன். அதையும் நீயே பிசஞ்சு குடுக்காத." இவ்வளவையும் பாக்கியம் குரலை உயர்த்தாமல் சொன்னாள். எதிரே இருந்தவர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் கைப்பேசிக்குள் குனிந்துகொண்டார்.

பிறகு கையை நீட்டி அக்காளின் தோளைத் தேடினாள். தோளிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து தலை. நரைத்த முடிக்குள் சிக்கியிருந்த அரிசி விரலில் தட்டுப்பட்டது. ஒன்று, இன்னொன்று, நான்கைந்து இருந்தன. அட்சதை அந்தத் தலையில் விழுந்தது அதுதான் முதல் தடவை. அது இருவருக்கும் தெரியும், இருவரும் சொல்லவில்லை. பாக்கியம் ஓர் அரிசியை வாயில் போட்டு மென்றாள்.

"வெறும் அரிசிதான்," என்றாள். மிச்சத்தைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். "திங்கக்கிழமை அந்தப் படத்த எடுக்கச் சொல்லிடு."

மங்களம் சரி என்றாள். ரயில் லேக்சைடைத் தாண்டியது, அடுத்த நிலையத்தில் இறங்க வேண்டும்.

"நாளைக்கு மார்க்கெட்டுல மீன் வாங்கிட்டு வா. நான் சமைக்கிறேன்."

மங்களம் ஐம்பத்தைந்து வருடமாக அந்த நாற்றம் வாசலைத் தாண்டாமல் காத்தவள். இப்போது தங்கையிடம் அதுவரை கேட்டறியாத ஒரு கேள்வியைக் கேட்டாள்.

"என்ன மீனு வேணும் பாக்கியம்?"

பாக்கியம் கோலை ஊன்றி எழுந்தாள்.

"நல்லா முள்ளு உள்ளதா வாங்கு. நானே எடுத்துக்கிறேன்."